ஆலியார் சந்தியிலிருந்து சீயோன் வரை

பெரியகல்லாற்றில் நிற்பவருக்கு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் விவகாரத்தின் இரண்டு முனைகளும் ஒரே வீதியில்தான் கிடக்கின்றன. மட்டக்களப்பு கல்முனை பிரதான வீதியில் வடக்கே போனால் காத்தான்குடி. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் பிறந்து, ஓதி, பிரசங்கம் பண்ணி, ஆள் சேர்த்த ஊர் அது. தெற்கே கல்முனையைத் தாண்டியதும் சாய்ந்தமருது. 2019 ஏப்ரல் 26 இரவு சஹ்ரானின் தகப்பனும் சகோதரர் இருவரும் வாடகை வீடொன்றில் குண்டை வெடிக்கவைத்து, பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செத்த ஊர் அது. இடையில் உள்ளவை பெரும்பாலும் எங்கள் தமிழ் ஊர்கள். அந்த வாரம் இந்த வீதியில் இருந்த யாரும் எதையும் தூரத்துச் செய்தியாகக் கேட்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து, சிற்றுண்டி தின்ன வெளியே வந்து நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் குண்டு வெடித்தது. செத்தவர்கள் முப்பது பேரளவில். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சிறுவர்.

ஆண்டுகள் பல போய்விட்டன. நாடாளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது, ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படியிருந்தும், கிழக்கில் ஆயுதம் தூக்கிய ஓர் இஸ்லாமியவாதக் குழு எப்படி உருவாயிற்று என்று கேட்டால், கேட்கப்படுபவரின் இனத்தையும் கட்சியையும் பொறுத்தே பதில் வருகிறது. நான்கு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

முதல் விளக்கம் சவூதியிலிருந்து வந்த வஹாபிசம். காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே நட்ட பேரீச்ச மரங்களையும் அரபு எழுத்துப் பலகைகளையும் பேருந்து யன்னலால் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வளைகுடா வேலை, அங்கிருந்து வந்த பணம், புதிய பள்ளிவாசல்கள், புதிய உடை எல்லாம் 1980களிலிருந்து கிழக்கை மாற்றியது உண்மை. ஆனால் தவ்ஹீத் சிந்தனையை ஏற்றவர்கள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கந்தூரியையும் தர்கா வழிபாட்டையும் மறுப்பதோடு நின்றவர்கள். தொழுது, கடை திறந்து, பிள்ளைகளைப் படிப்பித்து வாழ்கிறவர்கள். பல தவ்ஹீத் அமைப்புகள் சஹ்ரானோடு மேடையில் மோதியும் இருக்கின்றன. ஆயிரம் பேர் நம்பிய ஒன்று பத்துப் பேர் செய்ததற்குத் தனிக் காரணமாகாது. பேரீச்ச மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது விசாரணை ஆகாது.

இரண்டாவது விளக்கம் முஸ்லிம் அரசியல்வாதிகளும் சில தாராளவாதிகளும் சொல்வது: அளுத்கம 2014, திகன 2018 முஸ்லிம் எதிர்ப்புக் கலவரங்கள், சிங்கள பௌத்த அமைப்பான பொதுபல சேனாவின் அடி ஆகியவற்றுக்கு வந்த எதிரடி இது. சஹ்ரானின் பிரசங்கங்களில் அந்தக் கலவரங்கள் வந்தன, அவற்றைக் காட்டி ஆள் சேர்த்ததும் நடந்தது. அப்படியானால் குண்டு ஏன் தேவாலயங்களுக்குப் போனது? கத்தோலிக்கரோ, சீயோனில் பாடிக்கொண்டிருந்த மட்டக்களப்புத் தமிழரோ, அளுத்கமவில் கடை எரித்தவர்கள் அல்ல. இலக்கைத் தெரிவு செய்தது உள்ளூர்க் கோபம் அல்ல, ஐ.எஸ். உலகப் பட்டியல். எதிரடி என்ற விளக்கம் இளைஞர் சிலர் ஏன் காது கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும். அதற்கு மேல் போகாது.

மூன்றாவது விளக்கம் எங்கள் பக்கத்தது. "ஜிகாத் எண்டு எண்பத்தஞ்சிலயே இருந்தது" என்று கிழக்குத் தமிழர் பலர் சொல்வர். 1985 ஏப்ரலில் கல்முனை, காரைதீவுப் பக்கம் நடந்த கலவரத்தையும் 1990இல் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டதையும் எடுத்துக்காட்டுவர். வீரமுனைக் கொலைகளில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் பங்கு கொண்டதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் படைக்குத் துவக்குக் கொடுத்தது அரசு, சம்பளம் கொடுத்ததும் அரசு. அவர்கள் கிலாபத் கேட்கவில்லை, அரசின் கையாட்களாக இருந்தார்கள். புலிகளுக்கு எதிராக அரசு வளர்த்த கூலிப்படையையும் அரசையே எதிர்த்து எழுந்த மதப் போராளிக் குழுவையும் ஒரே பெயரால் அழைப்பது எங்களுக்கு வசதியானது, ஆனால் பிழையானது. சர்வதேச நெருக்கடிக் குழு 2007இல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய அறிக்கையும் ஆங்காங்கே சிறு கும்பல்களிடம் ஆயுதம் இருப்பதைக் கண்டதே தவிர, ஓர் ஆயுத எழுச்சிக்கான அறிகுறியைக் காணவில்லை.

இதே 1990ஐ முஸ்லிம்கள் நினைப்பது வேறு விதமாக. ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நூறுக்கு மேற்பட்டோர், அவர்களில் சிறுவரும் உண்டு. சுவரில் சன்னம் துளைத்த அடையாளங்கள் இன்றும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் பிறந்தவர்தான் சஹ்ரான். அதை வைத்து அவரை நியாயப்படுத்த முடியாது. அதே சுவரைப் பார்த்து வளர்ந்த இன்னும் ஆயிரக்கணக்கானோர் ஆசிரியராகவும் நெசவாளராகவும் வியாபாரியாகவும் ஆனார்கள்.

நான்காவது விளக்கத்துக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன் காத்தான்குடிக்குள் போக வேண்டும். இந்த நான்கு விளக்கங்களும் கடந்து போகிற இடம் அதுதான்.

சில சதுர கிலோமீற்றருக்குள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழும் ஊர் அது. மட்டக்களப்புத் தமிழருக்குப் போலவே அங்குள்ள முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு. குடிக்கு ஒரு மரைக்காயராகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்த மரபு அது. கந்தூரி, கொடியேற்றம், தரீக்கா எல்லாம் அந்த மரபோடு ஒட்டியவை. இதற்குள்ளேதான் முதல் அடி விழுந்தது. 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, காத்தான்குடியின் சூபி அறிஞர் அப்துர் ரவூஃப் மௌலவியை மதம் மாறியவர் என்று பத்வா கொடுத்தது. ஒருவரை மார்க்கத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் அவருக்கு எதிராகச் செய்வதெல்லாம் நன்மை என்று நினைக்கிறவன் ஒருவன் எப்போதும் கிடைப்பான். 2004இல் பயில்வான் என்று அழைக்கப்பட்ட அப்துல்லாவின் தரீக்கத்துல் முப்லிஹீன் பிரிவினர் தாக்கப்பட்டார்கள், அவர்களது தியான நிலையம் எரிந்தது. 2006 டிசம்பரில் பயில்வான் இறந்தபோது அவரை ஊருக்குள் அடக்கக் கூடாது என்று கலகம். அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கும்வரை அது போயிற்று.

அந்தக் கலகங்களைச் செய்தவர் சஹ்ரான் அல்ல. அப்போது அவர் ஓதுகிற வயதுப் பொடியன், ஜாமிஅத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால் ஊர் அவருக்கு ஒரு பாடத்தை ஏற்கெனவே படிப்பித்திருந்தது: சூபியின் வீட்டை எரித்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். பொலிஸ் அதை மதச் சண்டை என்றது. முஸ்லிம் அரசியல்வாதிகளுக்குச் சூபிகளின் வாக்குச் சிறியது, எதிர்ப்பக்கத்து வாக்குப் பெரியது. தமிழராகிய நாங்கள், "அவங்கட ஊர்ச் சண்டை" என்றோம்.

தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தை சஹ்ரான் தொடங்கிய பின் 2015 பொதுத் தேர்தல் வந்தது. அந்த அமைப்பு ஊரில் வேட்பாளர்களிடம் நிபந்தனை வைத்து உடன்படிக்கை கேட்டது. வேட்பாளர்கள் கையெழுத்தும் வைத்தார்கள். சில ஆயிரம் வாக்குக்காகப் பெரிய மனிதர்கள் தன் முன்னால் வந்து இருக்கிறார்கள் என்பதை முப்பது வயதை ஒட்டிய ஒரு பிரசங்கி அப்போது கண்டுகொண்டார்.

பிறகு 2017 மார்ச் 10, ஆலியார் சந்தி. சஹ்ரான் குழுவின் கூட்டம் ரவூஃப் மௌலவியின் ஆதரவாளர் வாழும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தது. கல் பறந்தது, பின்பு வாள் வந்தது. சூபிகள் காயப்பட்டார்கள். சஹ்ரானின் ஆட்கள் சிலர் பிடிபட்டார்கள், அவர் தலைமறைவானார். அதன் பின் அந்தச் சூபிக் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்ப்பாட்டம் செய்தார்கள், அவரைக் கைது செய்யுங்கள் என்று மேலிடங்களுக்கு மனுக் கொடுத்தார்கள். பயங்கரவாத விசாரணைப் பிரிவும் கோப்புத் திறந்தது, பிடியாணையும் பிறந்தது. இரண்டு வருடம் ஆள் நாட்டுக்குள்ளேயே பயிற்சி முகாம் நடத்திக்கொண்டு திரிந்தார்.

இந்த விவகாரத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஐ.எஸ். இணையத்தில் இருந்தது, பணம் கொழும்பில் இருந்தது. ஆனால் ஒரு மனிதனை வாளால் வெட்டிவிட்டு, அதே பேச்சைத் தொடர்ந்து பேசலாம் என்ற துணிவு காத்தான்குடியில் விளைந்தது.

சோமாலியாவை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. கிழக்கு இன்னொரு சோமாலியா ஆகிவிடும் என்று பயமுறுத்தும் பேச்சை நாங்கள் கேட்டிருக்கிறோம். அங்கே நடந்ததைப் பார்த்தால் அந்தப் பேச்சு பாதி பிழை, பாதி எச்சரிக்கை. 1991இல் சியாத் பாரே விழுந்ததும் சோமாலியாவில் அரசே இல்லாமல் போனது. குலத்துக்கொரு துவக்குக்காரன், தெருவுக்கொரு வரி. அந்த வெறுமையில் அயலூர் மட்டத்தில் ஷரீஆ நீதிமன்றங்கள் எழுந்தபோது சனம் அவற்றை வரவேற்றது மதவெறியால் அல்ல, திருடனைப் பிடிக்க வேறு ஆள் இல்லாததால். 2006 தொடக்கத்தில் அமெரிக்கா அந்த நீதிமன்றங்களுக்கு எதிராக மொகதிஷு போர்ப்பிரபுக்களுக்குப் பணம் கொடுத்தது. சனம் போர்ப்பிரபுக்களை வெறுத்து நீதிமன்றங்களின் பக்கம் சாய, ஜூனில் தலைநகரமே அவற்றின் கைக்குப் போனது. டிசம்பரில் எத்தியோப்பியப் படை உள்ளே வந்தது. மிதவாதிகள் சிதறினார்கள், அந்த நீதிமன்றங்களின் இளைஞர் அணியான அல் ஷபாப் எஞ்சியது. 2009இல் நீதிமன்றங்களின் தலைவராக இருந்த ஷேக் ஷரீப் அஹ்மதே நாட்டின் ஜனாதிபதியானார். அவருக்கு எதிராகவும் அல் ஷபாப் சண்டை பிடித்தது. 2017 ஒக்ரோபர் 14இல் மொகதிஷுவில் ஒரே லொறிக் குண்டில் ஐநூறுக்கு மேற்பட்டோர் செத்தனர். ஏறக்குறைய அனைவரும் சோமாலிய முஸ்லிம்கள்.

அங்கேயும் சூபிகள் அடி வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அல் ஷபாப் அவ்லியாக்களின் அடக்கஸ்தலங்களை உடைத்தது. 2008 அளவில் அஹ்லு சுன்னா வல்ஜமாஆ என்ற சூபிகளின் அமைப்பு துவக்குத் தூக்கி, மத்திய சோமாலியாவில் ஊர்களைப் பிடித்துக்கொண்டது. அரசு இல்லாத நாட்டில் அடிபட்டவனுக்கு வேறு வழி இல்லை.

காத்தான்குடிச் சூபிகள் துவக்குத் தூக்கவில்லை. மனு எழுதினார்கள். இரண்டு இடத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றில் அடங்கும். சோமாலியாவில் முறையிட இடம் இல்லை. இங்கே பொலிஸ் நிலையம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, மாவட்டத்தில் இராணுவம் இருந்தது, சந்திக்குச் சந்தி புலனாய்வு இருந்தது. ஒரு தமிழ்த் தாய் மாவீரர் நாளில் விளக்கேற்றினால் படம் பிடிக்க ஆள் வரும் மாவட்டம் இது. அப்படிப்பட்ட அரசுக்கு, வாள் வெட்டில் தேடப்படும் ஒருவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அது இயலாமை அல்ல. எவருடைய இரத்தம் கணக்கில் வரும், எவருடையது வராது என்று அரசு போட்டுக்கொண்ட கணக்கு அது.

வவுணதீவு இதற்குச் சாட்சி. 2018 நவம்பர் 30 அதிகாலை, வாவிக்கு அப்பால் படுவான்கரையில், காவலரணில் நின்ற இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். மாவீரர் வாரம் முடிந்த கையோடு நடந்ததால் முன்னாள் போராளிகள் மேல் பழி விழுந்தது. ஒருவர் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் அடைபட்டார், அவரது குடும்பம் பட்ட பாடு இந்த மாவட்டத்துக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்று வெளியே வந்தது. பழைய எதிரியையே தேடிய கண்ணுக்கு முன்னால் புதியவன் நடந்து போனான். அந்த வழக்கைச் சரியாக விசாரித்திருந்தால் ஐந்து மாதம் கழித்து நடந்ததைத் தடுத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

2019 ஏப்ரல் 4இலிருந்து இந்தியப் புலனாய்வு பெயர் சொல்லி எச்சரித்தது. அப்போது ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரோடொருவர் பேசாத ஆட்சி. பிரதமரை ஜனாதிபதி நீக்க முயன்ற 2018 ஒக்ரோபர் 26இன் அரசியல் சதிக்குப் பின் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமருக்கு அழைப்பில்லை. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாயும், பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித ஜயசுந்தரவையும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவையும் தலைக்கு ஏழரைக் கோடியும் நட்டஈடு கட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஏப்ரல் மாதக் கவனயீனத்தை விசாரித்த தீர்ப்பு. 2004ஐயும் 2006ஐயும் 2017ஐயும் எந்த நீதிமன்றமும் அப்படி விசாரிக்கவில்லை.

இனி நான்காவது விளக்கம்: அரசுக்குள் இருந்தவர்களே செய்வித்தார்கள். 2023 செப்டெம்பரில் சனல் 4 வெளியிட்ட ஆவணப்படத்தில், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சித் தலைவர் பிள்ளையானின் ஊடகப் பேச்சாளராக இருந்த ஆசாத் மௌலானா, இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் சஹ்ரான் குழுவுக்கும் சந்திப்பு ஏற்படுத்திக் கொடுத்ததாகச் சொன்னார். சலே மறுத்தார், பிள்ளையானும் மறுத்தார். ஒருவர் சொன்னதும் மற்றவர் மறுத்ததும் ஆதாரம் ஆகாது. விசாரணை முடியும்வரை இதைத் தீர்ந்த உண்மையாக எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர்களையும் நம்புவதில்லை. ஆனால் ஒன்று: அந்தக் குற்றச்சாட்டின்படி தொடர்பு ஏற்பட்ட இடம் மட்டக்களப்புச் சிறைச்சாலை, தொடர்பு ஏற்பட்டது ஆலியார் சந்தியில் பிடிபட்டு உள்ளே போனவர்களோடு. கிழக்கில் ஆயுதக் குழுக்களைக் கையாண்டு பழகிய அரசு இது. 2004இல் புலிகளிடமிருந்து கருணா பிரிந்த பிறகு அதை நாங்கள் கண்ணால் கண்டோம். குற்றச்சாட்டு உண்மையானால், ஆலியார் சந்தியைத் தண்டிக்காமல் விட்டது மறதியால் அல்ல, தேவையால் என்றாகும். பொய்யானாலும் தண்டிக்காமல் விட்டது மாறாது.

என் கணிப்புக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. கொழும்பில் குண்டு கட்டிப் போனவர்களில் இருவர் பெரும் வாசனைத்திரவிய ஏற்றுமதி வியாபாரியின் பிள்ளைகள். இன்னொருவர் வெளிநாட்டில் படித்தவர். அவர்களுக்குக் காத்தான்குடிக் குடியும் தெரியாது, ரவூஃப் மௌலவியும் தெரியாது. உண்மை. சிரியாவில் 2015இல் செத்த முதல் இலங்கையரும் கண்டிப் பக்கத்து ஆசிரியர். உள்ளூர்த் தண்டனையின்மை எல்லாவற்றையும் விளக்காது என்று இதனால் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பணக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தது. சஹ்ரான் கைதாகியிருந்தால், 2017இலேயே வழக்கு நடந்திருந்தால், அவர்களுக்கு அந்தத் தலைவர் கிடைத்திருக்க மாட்டார்.

முஸ்லிம் சமூகம் மூடி மறைத்தது என்ற குற்றச்சாட்டு ஆதாரத்தின் முன் நிற்காது. சூபிகள் எழுதிய மனுக்கள் இருக்கின்றன. சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டவர்களும் பொலிசுக்குச் சொன்னவர்களும் அந்த ஊர் முஸ்லிம்கள். அவர்கள் அன்று வாய் திறக்காவிட்டால் அந்த வீட்டிலிருந்த வெடிமருந்து இன்னொரு ஊருக்குப் போயிருக்கும். தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று உலமா சபை சொன்னது. அதற்குக் கிடைத்த பதில் என்ன? மே 13இல் வடமேற்கில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமிழில் எழுதிய நவரசம் என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மேயில் பிடிபட்டு, 2021 டிசம்பர் வரை உள்ளே கிடந்து, 2023 டிசம்பரில் குற்றமற்றவரென விடுதலையானார். ஜனாதிபதி ஆணைக்குழு பொதுபல சேனாவைத் தடை செய்யச் சொன்னது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அதன் செயலாளர் ஞானசார தேரரை 2021 ஒக்ரோபரில் ஒரே நாடு ஒரே சட்டம் செயலணிக்குத் தலைவராக்கினார். தண்டிக்க வேண்டியவரை உயர்த்தி, கவிதை எழுதியவரை அடைத்த நாட்டில், அடுத்த சஹ்ரானுக்குப் பேச ஆயிரம் கதை கிடைக்கும்.

எங்கள் பங்குக்கு வருகிறேன். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் நடந்தது. கோரிக்கை நியாயமானது, பல பத்தாண்டுப் பழையது. ஆனால் அந்தப் பந்தலுக்கு ஞானசார தேரர் வந்து வாக்குறுதி கொடுத்தபோது எங்களில் பலர் கை தட்டினோம். முஸ்லிம்களுக்கு அடி விழுகிற நேரத்தில் எங்கள் கணக்கைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. செயலகம் தரமுயரவில்லை, அயலவரின் நம்பிக்கை போனது. மேடையில் தமிழர் முஸ்லிம் உறவைப் "புட்டும் தேங்காய்ப்பூவும்" என்று பேசும் ஒவ்வொருவரும் அந்தப் பந்தலை நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டு ஓகஸ்டில், சீயோன் குண்டுதாரியின் எச்சங்களைக் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் யாரையும் கேட்காமல் புதைத்ததற்கு எதிராகத் தமிழர் வீதிக்கு வந்தது நியாயமானது. அந்த உடலை முஸ்லிம்களும் ஏற்கவில்லை என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

ஆகவே என் முடிவு இது. வஹாபிசம் விதை, சிங்களப் பேரினவாதம் எரு, ஐ.எஸ். கொடுத்தது இலக்கு. இவற்றைப் போன்றவை வேறு நாடுகளிலும் இருந்தன. கிழக்குக்கே உரிய காரணம், சிறு வன்முறையைத் தொடர்ந்து தண்டிக்காமல் விட்டதும் அடி வாங்கியவர்கள் தனித்து நின்றதும். முதல் பொறுப்பு அரசுக்கு. அடுத்தது வாக்குக்காகக் கையெழுத்து வைத்த காத்தான்குடி அரசியல்வாதிகளுக்கு. அதற்கடுத்தது, பத்வாவைக் கொடுத்துவிட்டு அதன் பின்விளைவுக்குப் பொறுப்பெடுக்காத உலமாக்களுக்கு. கடைசியாக, ஆனால் தப்பிக்க முடியாதபடி, பக்கத்து ஊரில் வீடு எரிந்தபோது தலையைத் திருப்பிக்கொண்ட எங்களுக்கு.

தண்டனையின்மைக்கு எதிராகப் பேசுகிற தமிழர் தங்கள் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். அதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 1990 ஜூலையில் இதே வீதியால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் விடுதலைப் புலிகள். அவர்களைப் புதைத்த இடத்தைத் தோண்ட வேண்டும் என்ற முறைப்பாடு களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. பெரியகல்லாற்றிலும் களுவாஞ்சிகுடியிலும் உள்ள எங்கள் கோயில் நிருவாகங்கள், தேவாலயச் சபைகள், விளையாட்டுக் கழகங்கள் அந்த இடத்தைத் தோண்டுங்கள், எலும்புகளை உறவினரிடம் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். இதுவரை பெரும்பாலும் முஸ்லிம்களே அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.